“ஒரு புரிட்டோ... ரெண்டு வேளை சாப்பாடு!” - சான் பிரான்சிஸ்கோவின் சிக்கன மெக்சிகன் கடைகள்

உலகத் தெருமுனைக் கடைகள் - வாரத் தொடர்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்ம ஊர் அப்பா, அம்மாக்களுக்கு முதல் வாரம் எல்லாமே வேடிக்கை. இரண்டாவது வாரம் நாக்கு கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். பீட்சாவில் காரம் இல்லை, சாண்ட்விச்சில் உப்பு இல்லை, பாஸ்தாவில் எதுவுமே இல்லை. அப்போது பிள்ளைகள் கைபிடித்து அழைத்துப் போவது பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்சிகன் கடைக்குத்தான். சோறு இருக்கும், பயறு இருக்கும், பச்சை மிளகாய் இருக்கும், கொத்தமல்லி இருக்கும். கையால் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பில்லும் பயமுறுத்தாது.

இந்த மாதிரிக் கடைகளுக்கு ‘டாக்கெரியா’ என்று பெயர். டாக்கோ விற்கும் இடம் டாக்கெரியா. அமெரிக்காவில் இவை இல்லாத ஊரே அபூர்வம் என்றாலும், இவற்றின் கோட்டை என்று சில இடங்கள் உண்டு. அதில் ஒன்று சான் பிரான்சிஸ்கோவின் ‘மிஷன்’ பகுதி. 1776-ல் ஸ்பானியர்கள் கட்டிய தேவாலயத்தால் இந்தப் பெயர் வந்தது. 24-வது தெரு மிஷன் ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், நடக்கும் தூரத்தில் வரிசையாக டாக்கெரியாக்கள். பழக்கடை, ரொட்டிக்கடை, சுவர் முழுக்க வண்ண ஓவியங்கள், ஸ்பானிஷ் பாட்டு.

முதன்முறை உள்ளே நுழைபவர் என்ன பார்ப்பார், என்ன கேட்கலாம், எதில் உஷாராக இருக்க வேண்டும், இவ்வளவு குறைந்த விலையில் எப்படிக் கொடுக்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘இங்கேயா... பார்சலா?’

டாக்கெரியாவில் பெரும்பாலும் சர்வர் வந்து தண்ணீர் வைத்து, மெனு கார்டு நீட்டும் வழக்கம் கிடையாது. மெனு சுவரில் இருக்கும். கவுன்ட்டரில் வரிசை. ஆர்டர் சொல்லிவிட்டு, நம்பர் கூப்பிடும்போது போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆர்டர் எடுப்பவர் படபடவென்று நான்கு கேள்விகள் கேட்பார். என்ன கறி? எந்தப் பயறு... பின்ட்டோவா, கறுப்பா? காரம் வேண்டுமா? இங்கேயா, பார்சலா? நம்ம ஊர் பரோட்டா கடையில் ‘சாதாவா, கொத்தா, முட்டையா, பார்சலா’ என்று கேட்பார்களே... அதே வேகம். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அதனால் வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

புரிட்டோ தயாராவதைப் பார்ப்பதே தனி ருசி. பெரிய கோதுமை டார்ட்டியாவை ஆவியில் ஒரு நிமிடம் வாட்டுவார்கள். எழுத்தில் ‘டார்ட்டில்லா’ என்று இருந்தாலும் உச்சரிப்பு டோர்ட்டியாதான். அந்தச் சூட்டில் அது துணி மாதிரி வளையும். அதன்மேல் சோறு, பயறு, கறி, சல்சா, விரும்பினால் சீஸ், புளிப்பு க்ரீம், குவாக்கமோலி. இரண்டு பக்கமும் மடித்து, ஒரே உருட்டு. உடனே வெள்ளித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். தூக்கினால் கனக்கும். சாதாரணப் பசிக்காரர் பாதியைத் தாண்ட மாட்டார். மீதி பாதி அந்த வெள்ளித்தாளோடு வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடாகும்.

இங்கே முதன்முறை சாப்பிடுபவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. வெள்ளித்தாளை முழுசாகப் பிரித்துவிடுவார்கள். அவ்வளவுதான்... மூன்றாவது கடியில் புரிட்டோ பிரிந்து தட்டில் கொட்டிவிடும். வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். தாள்தான் அதற்குத் தட்டு.

டாக்கோவுக்கு வேறு முறை. உள்ளங்கை அளவு சோள டார்ட்டியா, பல கடைகளில் இரண்டு அடுக்காக. நடுவில் கறி, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. டாக்கோவைச் சாய்த்தால் எல்லாம் கீழே விழும். தலையைச் சாய்த்துச் சாப்பிட வேண்டும்.

மெனுவில் என்ன எழுதியிருக்கிறது?

சுவரில் இருக்கும் ஸ்பானிஷ் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பத்து வார்த்தை தெரிந்தால் போதும்.

* போயோ - கோழி
* கார்னே அசாடா - நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சி
* கார்னிடாஸ் - கொழுப்பில் மெதுவாக வேகவைத்த பன்றி இறைச்சி
* அல் பாஸ்தோர் - மசாலா தடவி, செங்குத்துக் கம்பியில் அடுக்கிச் சுட்ட பன்றி இறைச்சி
* சொரீஸோ - மசாலா சேர்த்த தொத்திறைச்சி, பெரும்பாலும் பன்றி
* லெங்குவா - மாட்டு நாக்கு
* கபேசா - தலைக்கறி
* கமரோன் - இறால்
* கேசோ - சீஸ்
* ஃப்ரிஹோலெஸ் - பயறு

இதில் அல் பாஸ்தோருக்குப் பின்னால் ஒரு பயணக் கதை இருக்கிறது. லெபனான் பகுதியிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் தங்களோடு ஷவர்மா சுடும் முறையைக் கொண்டுபோனார்கள். ஆட்டிறைச்சி இருந்த இடத்தில் பன்றி வந்தது. மெக்சிகோவின் மிளகாயும், சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதையும் சேர்ந்தன. கம்பியின் உச்சியில் ஒரு அன்னாசிப்பழம் ஏறிக்கொண்டது. இன்று மெக்சிகோ நகரத்தின் அடையாளமே அந்த டாக்கோதான். வந்தேறிய சமையல், ஊர்ச் சமையல் ஆன கதை.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க!

மெக்சிகன் கடை சைவர்களுக்கு வசதி என்ற பேச்சு பாதிதான் உண்மை. ‘பயறும் சோறும்தானே’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், மூன்று இடங்களில் அசைவம் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

முதலாவது, மசித்து வதக்கிய பயறு. ‘ரீஃப்ரைடு பீன்ஸ்’ என்று போர்டில் இருக்கும். பாரம்பரிய முறையில் இதை ‘மாந்தேகா’ எனும் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். இரண்டாவது, அந்த ஆரஞ்சு நிறச் சோறு. நிறம் தக்காளியால் வந்தது. ஆனால், வேகவைத்தது கோழி வடிசாறாக இருக்கலாம். மூன்றாவது, கோதுமை டார்ட்டியா. சில கடைகளில் அதன் மாவிலும் கொழுப்பு சேரும்.

எல்லாக் கடைகளும் இப்படி இல்லை. எண்ணெயில் செய்பவர்களும் ஏராளம். அதனால் கேட்டுவிடுவதே வழி. ‘சின் மாந்தேகா?’ என்றால் ‘பன்றிக் கொழுப்பு இல்லாமலா?’ என்று அர்த்தம். ‘சின் கார்னே’ என்றால் கறி இல்லாமல். மசிக்காமல் முழுசாக வேகவைத்த பயறைக் கேட்பது பெரும்பாலும் பாதுகாப்பு. அதுவும் சில கடைகளில் பன்றி இறைச்சியோடு வேகும் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். சோள டார்ட்டியாவில் வழக்கமாகச் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு தவிர வேறெதுவும் இருக்காது. ஹலால் பார்ப்பவர்களும் இதேபோல முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே கல்லில்தான் எல்லாக் கறியும் வேகிறது.

கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. கவுன்ட்டரில் நிற்பவருக்கு இது தினமும் வரும் கேள்வி.

மிளகாய் நம்முடையதா, அவர்களுடையதா?

மேசையில் இரண்டு சல்சா இருக்கும். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பச்சை என்றால் காரம் குறைவு என்று நினைத்து அள்ளி ஊற்றுபவர்கள் கண்ணில் தண்ணீரோடு நிற்பதைப் பார்க்கலாம். நிறத்துக்கும் காரத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் ஒரு சொட்டு, அப்புறம் முடிவு.

பச்சை சல்சாவுக்கு அடிப்படை ‘டொமாட்டியோ’ என்கிற, காகிதம் போன்ற தோல் மூடிய பச்சைக்காய். நம்ம ஊர் வேலியோரத்து சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய உறவு. சிவப்புக்கு, தக்காளியும் காய்ந்த மிளகாயும். இரண்டையும் சுட்டு, பூண்டு, உப்பு சேர்த்து அரைத்தால் முடிந்தது. பெயரை மாற்றினால் நம்ம வீட்டுச் சட்னி. அங்கே வீடுகளில் அரைக்கும் கருவியும் நமக்குப் பழக்கமானதே. ‘மெத்தாத்தே’ என்பது கால் வைத்த அம்மி. ‘மோல்காஹெத்தே’ என்பது மூன்று கால் உள்ள சின்னக் கல்லுரல். டார்ட்டியா சுடும் ‘கொமால்’, அப்படியே தோசைக்கல்.

இந்தச் சுவை நமக்கு உடனே பிடித்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம்... எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. மிளகாய் போர்ச்சுக்கீசியர்கள் வழியாக 16-ம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. அதுவரை நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதுசாக வந்த காய்க்கு நம்மவர்கள் ‘மிளகு போலக் காரமான காய்’ என்று மிளகாய் எனப் பெயர் வைத்தார்கள். ஸ்பானியர்களும் அதையேதான் செய்தார்கள். மிளகுக்கு அவர்கள் மொழியில் ‘பிமியெந்தா’, மிளகாய்க்கு ‘பிமியெந்தோ’. இரண்டு பக்கமும் ஒரே யோசனை.

பதிலுக்கு ஆசியாவிலிருந்து மெக்சிகோ போனவையும் உண்டு. மாம்பழமும் புளியும் அங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டன. டாக்கெரியா கவுன்ட்டரில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் இருக்கும் ‘அகுவா ஃப்ரெஸ்கா’ பானங்களைப் பார்த்தால் தெரியும். ‘தமரிந்தோ’ என்பது புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டது, ஏறக்குறைய நம் பானகம். அடர்சிவப்பாக இருக்கும் ‘ஹமைக்கா’, நம் புளிச்சகீரை இனத்துப் பூவின் இதழ்மூடிகளைக் காயவைத்து ஊறவைத்தது. வெள்ளையாக இருப்பது ‘ஓர்சாத்தா’. அரிசியை ஊறவைத்து, பட்டை சேர்த்து அரைத்து, சர்க்கரையோடு குளிரவைத்தது. காரம் ஏறிய நாக்குக்கு ஓர்சாத்தாதான் மருந்து.

சோளத்தைக் காப்பாற்றிய சுண்ணாம்பு

சோள டார்ட்டியாவைக் கடித்தால், நாம் சாப்பிடும் சோளக்கதிரின் வாசனை வராது. வேறொரு மண்வாசம் இருக்கும். அது சுண்ணாம்பு செய்த வேலை.

மெக்சிகோவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் முறை இது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி, தோல் நீக்கி அரைக்கிறார்கள். வெற்றிலைக்கு நாம் தடவுகிறோமே... அதே சுண்ணாம்பு. இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு ‘நிக்ஸ்டமல்’ என்று பெயர். இதனால் மாவு ஒட்டும் பதத்துக்கு வருகிறது, கால்சியம் சேருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் ‘நியாசின்’ எனும் பி3 வைட்டமின் உடலுக்குக் கிடைக்கிறது.

ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளிடமும், பிறகு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ‘பெல்லாக்ரா’ நோய் பரவியது. தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு வந்து, மனநிலை பிறழ்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். உணவுக் குறைபாடே காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் நிறுவினார். அதே சோளத்தை அதைவிட அதிகமாகச் சாப்பிட்ட மெக்சிகோ கிராமங்களில் இந்த நோய் பெரிதாக இல்லை. பாட்டிகளின் சுண்ணாம்புப் பானைதான் காரணம்.

மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் இந்தச் சுண்ணாம்பு முறைக்கும் இடம் உண்டு. மிஷன் பகுதியின் 24-வது தெருவில் 1953-லிருந்து இயங்கும் ‘லா பால்மா’ கடையில் இன்றும் டார்ட்டியா தட்டுகிறார்கள். சூடாகப் பொட்டலம் வாங்கிப்போக ஆட்கள் வருகிறார்கள், நம்ம ஊரில் மாவு பாக்கெட் வாங்கப் போவதுபோல.

எப்படிக் கட்டுப்படியாகிறது?

சரி, விலைக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவில் இன்று ஒரு புரிட்டோ பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து டாலருக்குள் இருக்கிறது. ரூபாயில் பெருக்கினால் ஆயிரத்தைத் தாண்டி, தலை சுற்றும். ஆனால், அந்த ஊர்க் கணக்கை அந்த ஊர்ச் சம்பளத்தில்தான் போட வேண்டும். 2025 ஜூலை முதல் அந்த நகரத்தில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 19.18 டாலர். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு புரிட்டோ, வரியும் கட்டிவிட்டு, மீதியும் கையில் நிற்கும். அதில் இரண்டு வேளை வயிறு நிறையும் என்றால், அது சிக்கனச் சாப்பாடுதான். சாப்பாட்டு பில்லில் 8.625 சதவிகித விற்பனை வரி தனியாகச் சேரும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. போர்டில் 13 டாலர் என்றால், கையிலிருந்து போவது 14 டாலர் 12 சென்ட்.

அந்த விலைக்கு எப்படிக் கொடுக்க முடிகிறது? மெனுவை உற்றுப்பார்த்தால் ரகசியம் தெரியும். நாற்பது ஐட்டம் இருக்கும். ஆனால், சமையலறையில் இருக்கும் பொருட்கள் மொத்தமே பதினைந்து, இருபதுதான். அதே கறியைச் சின்ன டார்ட்டியாவில் வைத்தால் டாக்கோ. பெரியதில் உருட்டினால் புரிட்டோ. சீஸ் வைத்து மடித்துச் சுட்டால் கேசடியா. மொறுமொறுவென்று பொரித்த டார்ட்டியாமேல் பரப்பினால் டோஸ்டாடா. பன்னுக்குள் வைத்தால் டோர்ட்டா. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று நம் வீடுகளில் நடக்கும் வித்தைதான் இது.

எதுவும் வீணாகாது. நேற்றைய டார்ட்டியாவை வெட்டிப் பொரித்தால் இன்றைய சிப்ஸ். அதையே சல்சாவில் பிரட்டினால் ‘சிலாக்கிலெஸ்’ எனும் காலை டிபன். மீந்த இட்லி உப்புமா ஆவதைப்போல. மற்ற உணவகங்கள் தொடாத நாக்கும் தலையும் இங்கே மணிக்கணக்கில் வெந்து பிரபல ஐட்டங்கள் ஆகின்றன. சர்வர் இல்லை, மேசைத் துணி இல்லை. பல கடைகளில் கல்லாவில் அம்மா, அடுப்பில் அப்பா, லீவு நாளில் ஆர்டர் எடுக்கப் பிள்ளைகள்.

சிக்கனத்தின் ஒரு பகுதி புத்திசாலித்தனம். இன்னொரு பகுதி, கணக்கில் வராத குடும்ப உழைப்பு. சல்சா அரைக்க அதிகாலையில் வந்தவருக்கும், ராத்திரி கல் தேய்த்து முடிப்பவருக்கும் அந்த விலைப்பட்டியலில் தனிவரி கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் டிப்ஸ் ஜாடி இருந்தால், ஒன்றிரண்டு டாலர் போடுவது அந்த ஊர் வழக்கம்.

சின்னக் கடையின் யோசனை, பெரிய கடையின் லாபம்

இந்தச் சுருட்டிய புரிட்டோவை மிஷனில் முதலில் விற்றது யார் என்பதில் பெரிய போட்டி உண்டு. 1961 செப்டம்பரில் தீயணைப்பு வீரர்களுக்குச் செய்துகொடுத்ததுதான் முதல் புரிட்டோ என்பது ‘எல் ஃபாரோ’ கடையின் உரிமைக்குரல். அது ஒரு முனை மளிகைக்கடையாக இருந்தது. 1969-ல் நாங்கள்தான் ஆரம்பித்தோம் என்பது ‘லா கும்ப்ரே’வின் வாதம். அது கறிக்கடை. திருநெல்வேலி அல்வா, ஆம்பூர் பிரியாணி மாதிரி, தீர்ப்பு வராத வழக்கு. 1973-ல் தொடங்கிய ‘லா டாக்கெரியா’ இன்னொரு பக்கம் தனிக்கட்சி. அங்கே புரிட்டோவில் சோறே கிடையாது. 2017-ல் அந்தக் கடைக்கு ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளையின் ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது கிடைத்தது. தலைமுறைகளாக மக்கள் நேசிக்கும் ஊர்க்கடைகளுக்குத் தரும் விருது அது.

இந்த மிஷன் கடைகளின் வரிசையைப் பார்த்த ஒருவர் ஸ்டீவ் எல்ஸ். சான் பிரான்சிஸ்கோ உணவகம் ஒன்றில் சமையல் வேலையில் இருந்தவர். கண் முன்னால் கூட்டிச் சேர்த்து உருட்டித் தரும் முறையைப் பார்த்து, 1993-ல் டென்வரில் ஒரு பழைய ஐஸ்க்ரீம் கடையைப் பிடித்துத் தன் கடையைத் திறந்தார். அதுதான் ‘சிபோட்லே’. இன்று மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள்.

அதற்கு முன்பே கலிஃபோர்னியாவின் இன்னொரு ஊரான சான் பெர்னார்டினோவில் இதேபோல ஒன்று நடந்தது. 1937-ல் தொடங்கிய ‘மிட்லா கஃபே’ என்ற குடும்ப மெக்சிகன் கடையில் பொரித்த டாக்கோவுக்கு எப்போதும் கூட்டம். எதிர்ப்பக்கம் பர்கர் கடை வைத்திருந்த க்ளென் பெல் அதைச் சாப்பிட்டு, பார்த்து, கற்றுக்கொண்டு, தானும் டாக்கோ விற்க ஆரம்பித்தார். 1962-ல் அவர் தொடங்கியது ‘டாக்கோ பெல்’. அது உலகம் முழுக்கப் போனது. மிட்லா கஃபே அதே ஊரில், அதே குடும்பத்தின் கையில் இன்றும் டாக்கோ பொரித்துக்கொண்டிருக்கிறது.

சட்டப்படி யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. சமையலுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால், சின்னக் கடைகள் கண்டுபிடித்ததைப் பெரிய நிறுவனங்கள் பெருக்குகின்றன என்பதும், பெருக்கியவர்கள் வாடகையைச் சமாளித்துவிடுகிறார்கள், கண்டுபிடித்தவர்கள் திணறுகிறார்கள் என்பதும் கண்கூடு. தொழில்நுட்ப நிறுவனங்களின் சம்பளம் மிஷன் பகுதிக்குள் நுழைந்த பிறகு வாடகை எகிறியது. கடையின் வாடிக்கையாளர்களாகவும் தொழிலாளர்களாகவும் இருந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பலவும் பகுதியைவிட்டு வெளியேறின. சமையல்காரர் தொலைவிலிருந்து ரயில் பிடித்து வருகிறார் என்றால், அந்தத் தூரமும் ஒருநாள் புரிட்டோ விலையில் ஏறத்தானே செய்யும்?

நகரம் சும்மா இருக்கவில்லை. 2014-ல் 24-வது தெருப் பகுதியை லத்தீன் பண்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. 2015-ல் மக்களே வாக்களித்து, முப்பது ஆண்டுகளைத் தாண்டிய பழைய கடைகளுக்கு உதவும் நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும், மதிய நேரத்தில் கடைவாசலில் நிற்கும் வரிசைதான் பெரிய ஆதரவு.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சான் பிரான்சிஸ்கோ போக வேண்டியதில்லை. எந்த ஊர் டாக்கெரியாவுக்கும் இந்த ஐந்து அடையாளங்கள் பொருந்தும்.

1. வரிசையில் யார்? வேலை உடையோடு கட்டடத் தொழிலாளர்கள் நின்றால் நம்பி உள்ளே போகலாம். அரைமணி நேர இடைவேளையில், சொந்தக் காசில், ருசி தெரிந்து சாப்பிடுபவர்கள் அவர்கள்.

2. டார்ட்டியா சூடா? கல்லில் வாட்டித் தருகிறார்களா என்று பாருங்கள். ஆறிப்போய் ஓரம் வெடித்தது என்றால் மற்றதும் அப்படித்தான்.

3. சல்சா எப்படி? வீட்டில் அரைத்தது கொஞ்சம் கரகரப்பாக, சுட்ட கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். பாட்டில் சாஸ் மட்டும்தான் என்றால் யோசிக்கலாம்.

4. அடுப்பு நிற்கிறதா, ஓடுகிறதா? கறி தட்டில் காத்திருக்கக் கூடாது. கல்லிலிருந்து நேராக டார்ட்டியாவுக்கு வர வேண்டும். கூட்டம் இருக்கும் நேரத்தில் போனால் இது தானாக நடக்கும்.

5. வார இறுதி ஸ்பெஷல் உண்டா? சனி, ஞாயிறு மட்டும் ‘மெனூதோ’ எனும் குடல் சூப்போ, ‘பிர்ரியா’வோ போட்டால், அது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வரும் கடை.

இடத்தின் அளவைப் பார்த்து எடைபோட வேண்டாம். மெக்சிகோ நகரத்தின் சான் ரஃபேல் பகுதியில் 1968 முதல் இயங்கும் ‘எல் கலிஃபா தே லியோன்’ என்ற டாக்கெரியா, சுமார் பத்தடிக்குப் பத்தடி இடம். நின்றபடிதான் சாப்பிட வேண்டும். 2024-ல் அதற்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. ஒரு டாக்கோ கடைக்கு அந்த நட்சத்திரம் கிடைத்தது அதுவே முதன்முறை. அங்கே மெனுவில் நான்கே டாக்கோக்கள்.

நான்கு பேர், ஒரு மேசை

குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆளுக்கொரு புரிட்டோ வாங்கினால் நிச்சயம் மிஞ்சும். இரண்டு புரிட்டோ வாங்கிப் பாதியாக வெட்டித் தரச் சொல்லலாம். ஆளுக்கொரு டாக்கோ சேர்த்துக்கொள்ளலாம். புரிட்டோ 13 டாலர், டாக்கோ நாலரை டாலர் என்று வைத்தால் 44 டாலர், வரியோடு 48-க்குக் கொஞ்சம் குறைவு. தாத்தா, பாட்டிக்குக் காரம் இல்லாமல் பயறும் சோறும் தட்டில் கேட்கலாம். குழந்தைகளுக்கு சீஸ் கேசடியா. காரம் தாங்காதவர்களுக்கு நடுவில் ஒரு ஓர்சாத்தா. பசி மிச்சமிருந்தால் மறுபடி வரிசையில் நின்று இன்னொரு டாக்கோ. ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிடுவதுதான் அங்கே வழக்கமும்கூட.

அமெரிக்கா போகும் திட்டம் இருப்பவர்கள், பிள்ளைகள் காரை விளக்கு மின்னும் பெரிய சங்கிலிக் கடைப் பக்கம் திருப்பும்போது, ‘தெருமுனையில் ஒண்ணு இருக்காமே, அங்கே போகலாமா?’ என்று கேட்டுப்பாருங்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பணம் போய்ச் சேரும் இடம் வேறு.

(அடுத்த வாரம்: பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார் கடைகள்!)